கடிதங்கள் கூறும் ஸ்ரீரங்கப்பட்டணம்

நம் சங்கத்துக் குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றுவரும் வழக்கத்தை அன்பர்கள் அனைவரும் அறிவர். மைசூரிலிருந்து பத்துக் கல் தொலைவே ஆதலின், காலையிற் புறப்பட்டு அரங்கநாதரைத் தொழுது, கோட்டையைச் சுற்றிப் பார்த்து, சங்கமத்தில் நீராடி, புளியோதரையும் தயிர்ச்சோறும் உண்டு, பொழுது சாயுமுன் காலனிக்குத் திரும்பிவிடுவோம். சென்ற முறை, திப்பு சுல்தானின் உடல் கிடந்த இடத்தைக் குறிக்கும் கல்லின் முன்னர் நின்றுகொண்டிருந்தோம். வழிகாட்டி ஒருவர் ஏதோ ஒரு கூட்டத்தாருக்கு உரத்த குரலிற் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நம் காலனிச் சிறுமி ஒருத்தி என் கையைப் பற்றி இழுத்து, "தாத்தா, இவர் சொல்வது ஒன்று, எங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பது வேறொன்று. அப்போது நேரில் பார்த்தவர்கள் யாரும் எழுதி வைக்கவில்லையா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அங்கே நின்றபடி அரைகுறையாக ஏதோ சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். மலர்க் குழுவினர் கட்டுரை ஒன்று வேண்டும் எனப் பணித்தபோது, அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நேரிற் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. அன்றிரவு தீவட்டி வெளிச்சத்தில் வாயிலுக்கு அடியிற் குவிந்து கிடந்த உடல்களிடையே திப்புவைத் தேடிய ஆங்கில அதிகாரிகளுள் ஒருவர் மேஜர் ஆலன் என்பவர். அவருடைய நேர்முகக் குறிப்பு, மறு ஆண்டே பீட்சன் என்னும் அதிகாரி வெளியிட்ட போர் வரலாற்றில் இடம்பெற்றது. உடலை வெளியே எடுத்தபோது கண்கள் திறந்திருந்தன என்றும், சூடு ஆறாமையால் உயிர் இருக்கிறதோ என ஐயுற்றுத் தாமும் கர்னல் வெல்லெஸ்லியும் நாடியும் மார்பும் தொட்டுப் பார்த்ததாகவும் அவர் எழுதுகிறார். தலைப்பாகை இல்லை; கையில் ஒரு தாயத்து மட்டும் இருந்தது. நாம் நின்ற அதே இடத்தில் நின்றவர், தம் கையாலேயே தொட்டவர் எழுதியது இது. வழிகாட்டியின் கதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சொல்லாமலே விளங்கும்.

ஆயினும், நேரிற் பார்த்தவர் எழுதியது என்பதனாலேயே ஓர் ஏட்டை அப்படியே நம்பிவிட இயலுமா? இங்கேதான் சிறுமியின் கேள்வி கடினமாகிறது.

கல்வெட்டும் செப்பேடும் ஊரறிய வெட்டி வைத்தவை. மன்னன் தன்னை உலகம் எவ்வாறு காணவேண்டும் என விரும்பினானோ அவ்வாறே அவை பேசும். நாட்குறிப்பும் கடிதமும் அத்தகையன அல்ல என்று பொதுவாகச் சொல்வதுண்டு. தமிழர்க்கு இவ்வகையிற் பெருமை சேர்ப்பவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761இல் தாம் மறையும் வரை, துபாஷியாகவும் வணிகராகவும் கண்டும் கேட்டும் அறிந்தவற்றை அன்றைய பேச்சுத் தமிழிலேயே அவர் எழுதிவந்தார். பல்லாண்டுகள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அவ்வேடுகளைக் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1846இல் வெளிக்கொணர்ந்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. கப்பலில் வந்த சரக்கின் விலையும், துய்ப்பிளேக்சு துரையின் சினமும், துரைசானியின் சூழ்ச்சியும், நாள் பார்த்துக் காரியம் தொடங்கிய கவலையும் ஒரே பக்கத்தில் அங்கே அடுத்தடுத்து வரும். அரசாங்க ஆவணம் எதுவும் இப்படி எழுதப்படுவதில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அத்தகைய ஒரு பிள்ளை வாய்க்கவில்லை. ஆனால் தமிழ் நன்கறிந்த ஓர் அயல்நாட்டவரின் குறிப்பு வாய்த்திருக்கிறது. தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் அவர்களை, 1779இல் சென்னை ஆங்கில அரசாங்கம் ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. ஹைதரின் எல்லைக் கோட்டையான கரூரில் இசைவுக்குக் காத்திருந்து, கஜல்ஹட்டிக் கணவாய் ஏறி அவர் இத்தீவை அடைந்தார். தாம் கண்டதை அவர் குறித்து வைத்தார்.

ஹைதருக்கு எழுதவும் படிக்கவும் தெரியாது. நினைவாற்றலோ வியப்புக்குரியது என்கிறார் சுவார்ட்ஸ். ஒருவனை அழைத்துக் கடிதம் எழுதச் செய்து, அவனையே படித்துக் காட்டச் சொல்வாராம். பிறகு வேறொருவனை அழைத்து அதே கடிதத்தை மீண்டும் படிக்கச் சொல்வாராம். தாம் சொன்னதற்கு மாறாக ஒரு சொல் இருந்தால் எழுதியவன் தலை தப்பாது. ஓர் ஏட்டை மற்றொரு சான்றோடு ஒத்துப் பார்க்கவேண்டும் என்று இன்று கல்லூரிகளில் வரலாற்று மாணவர்க்குக் கற்பிக்கிறார்களே, அந்த முறையை எழுத்தறியாத ஹைதர் எவரிடமும் கற்காமல் அறிந்திருந்தார்!

சவுக்கேந்திய இருநூறு பேர் எந்நேரமும் அவர் ஏவலுக்குக் காத்து நின்றதையும், அச்சமே அந்த ஆட்சியை நடத்தியதையும் சுவார்ட்ஸ் மறைக்கவில்லை. அதே குறிப்பில், பாலமோ சாலையோ பழுதுபட்டால் ஒரு கணமும் தாழ்த்தாது ஹைதர் செப்பனிடுவதையும், கருநாடகத்தில் ஐரோப்பியர் எல்லாவற்றையும் சீரழிய விட்டுவிடுவதையும் எழுதுகிறார். ஆங்கிலேயர் அனுப்பிய தூதர் ஆங்கிலேயர் பக்கத்தாரையே குறை கூறும் இடம் இது. தம் பக்கத்துக்கு ஆகாத ஒன்றை ஒருவர் எழுதும்போது நாம் சற்றுக் கூடுதலாகவே செவி சாய்க்கலாம். நம் அன்பர்கள் விரும்பிக் கேட்கக்கூடிய செய்தி இன்னொன்றும் அங்கே உண்டு. தாம் முன்னர்த் திருச்சிராப்பள்ளியிற் கற்பித்த தமிழ்க் கிறித்தவர் சிலரை ஹைதரின் படையிடத்தே கண்டதாக அவர் எழுதுகிறார். பிழைப்பு நாடிக் காவிரியின் வழியே மேலேறி வந்த தமிழர் நாம்தாம் முதல்வர் என்று எண்ணிவிட வேண்டா.

தூது பயனளிக்கவில்லை. அடுத்த ஆண்டே போர் மூண்டது. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. உயிர் பிழைத்தோர் பலர் இத்தீவுக்குக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டனர். தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அப்போரைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். பல்லக்கிற் கிடக்கும் பெய்லியை நம் குழந்தைகள் ஒவ்வோர் ஆண்டும் விரல் நீட்டிக் காட்டுவார்கள். பெய்லி 1782இல் சிறையிலேயே இறந்தார். மற்றவருட் சிலர் விடுதலை பெற்றோ தப்பியோ ஊர் சென்று, தம் துன்பங்களை நூலாக்கினர். பிரிஸ்டோ என்னும் பீரங்கிப் படை வீரரின் நூல் 1793இல் இலண்டனில் வெளிவந்தது. ஸ்கரி என்னும் கப்பற் சிறுவன் எழுதியது 1824இல்தான் அச்சேறியது.

இவ்விரண்டும் நினைவுக் குறிப்புகள், நாட்குறிப்புகள் அல்ல. இந்த வேறுபாடு பெரிது. பிரிஸ்டோவின் நூல் வெளிவந்தபோது திப்பு உயிரோடிருந்தார். ஆங்கிலேயர் அவரோடு மீண்டும் போரிடும் மனநிலையில் இருந்தனர். திப்புவின் கொடுமையைச் சொல்லும் நூலுக்கு வாசகர் காத்திருந்தனர். ஸ்கரியின் நூல் அச்சானதோ, அவர் தப்பி முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. இத்தனை காலம் கழித்துச் சொல்லும்போது நாளும் எண்ணும் பிறழும். சொல்லிச் சொல்லிக் கதை மெருகேறும். அதற்காக ஸ்கரியைத் தள்ளிவிட இயலாது. பத்தாண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் தம்மவரிடம் திரும்பியபோது நாற்காலியில் அமரவும், கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணவும் தமக்கு வரவில்லை என்றும், தாய்மொழி கூடத் தடுமாறியது என்றும் அவர் சொல்கிறார். ஆங்கில வாசகர் மெச்சுவதற்காக ஓர் ஆங்கிலேயர் புனைந்து சொல்லக்கூடிய செய்தியா இது? வேற்றூரில் வாழ்ந்து நாக்குத் திரிந்த நமக்கு இந்த ஓரிடம் புரிகிற அளவுக்கு இலண்டன் வாசகர்க்குப் புரிந்திருக்குமோ என்னவோ!

இனித் திப்புவின் எழுத்துக்கு வருவோம். கோட்டை வீழ்ந்தபின் அரண்மனையிற் கிடைத்த பாரசீகக் கடிதப் படிகளிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து, கர்னல் கிர்க்பாட்ரிக் 1811இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஓய்வறியாத ஓர் உள்ளத்தை அக்கடிதங்களிற் காணலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆளுநரிடமிருந்து வந்த காற்றழுத்தமானியில் பாதரசம் பழுதுபட்டிருக்கிறது, புதியது வேண்டும் என்று ஒரு கடிதம். வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்கள் கொண்டு வருகிறார்கள், அவற்றை வைத்து வளர்க்கத் தக்க இடம் பார்த்து வை என்று இக்கோட்டைத் தலைவனுக்கு 1786இல் மற்றொரு கடிதம். நம் வீட்டுத் திருமணங்களில் மைசூர்ப் பட்டு உடுத்தும் பெண்கள் அக்கடிதத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். குடகு மக்களை நாடு கடத்தவும் மதம் மாற்றவும் இட்ட கடுமையான ஆணைகளும் அதே தொகுப்பில் இருக்கின்றன.

இத்தொகுப்பைப் படிப்போர் தேர்ந்தவர் யார் என்பதையும் மறத்தல் ஆகாது. திப்புவைக் கொடியவர், மதவெறியர் என்று முன்னுரையிலேயே தீர்ப்புக் கூறிவிட்டவர் கிர்க்பாட்ரிக். ஒரு பெட்டி நிறையக் கடிதங்களிலிருந்து எதை எடுத்தார், எதை விட்டார் என்பதில் அவர் மனமும் கலந்திருக்கும் அன்றோ?

நூறாண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் வேறொரு கட்டு வெளிப்பட்டது. மைசூர்த் தொல்பொருள் துறைத் தலைவராயிருந்த அறிஞர் நரசிம்மாசார் 1916இல் சிருங்கேரி மடத்தில் திப்புவின் கன்னடக் கடிதங்கள் சுமார் முப்பதைக் கண்டெடுத்தார். 1791இல் மராட்டியக் குதிரைப் படையினர் மடத்தைச் சூறையாடிச் சாரதையின் திருவுருவையும் பெயர்த்தெறிந்திருந்தனர். மடாதிபதி திப்புவுக்கு எழுதினார். திப்பு மிக்க பணிவோடு மறுமொழி எழுதி, திருவுருவை மீண்டும் நிறுவப் பணமும் தானியமும் கொடுக்கும்படி அதிகாரிக்கு ஆணையிட்டு, தம் நாட்டின் நலத்துக்கு வேண்டுதல் செய்யுமாறு சுவாமிகளைக் கேட்டுக்கொண்டார்.

குடகுக் கடிதத்தை எழுதியவரும் சிருங்கேரிக் கடிதத்தை எழுதியவரும் ஒருவரே. இவ்விரண்டில் ஒன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு மற்றொன்றைப் பொய்யென்று வழக்காடுவோர் இரு பக்கத்திலும் இன்றும் இருக்கிறார்கள். இரண்டும் மெய்யான கடிதங்களே. ஒன்று எதிர்த்தவரை ஒடுக்க எழுதியது. மற்றொன்று நாட்டின் மூன்று புறமும் பகைவர் சூழ்ந்த ஆண்டில், தம் குடிகள் போற்றும் துறவிக்கு எழுதியது. எவருக்கு, எந்நாளில், எதை வேண்டி எழுதப்பட்டது என்று கேளாமல் கடிதத்தைப் படிப்பவர் முகவரி பாராமல் உறையைப் பிரித்தவர் ஆவார்.

எவருக்கும் எழுதாத ஏடு ஒன்றும் திப்புவிடம் இருந்தது. தம் கனவுகளைத் தம் கையாலேயே பாரசீகத்தில் ஒரு சிறு குறிப்பேட்டில் அவர் எழுதிவந்தார். அரண்மனையில் கிர்க்பாட்ரிக் அதனைக் கண்டெடுத்தபோது, திப்புவின் முன்ஷி ஹபீபுல்லா உடனிருந்தார். அப்படி ஒன்று உண்டு என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அதில் எழுதும்போதோ படிக்கும்போதோ எவரேனும் அணுகினால் சுல்தான் மறைத்துவிடுவாராம். 37 கனவுகள் அதில் உள்ளன. சீனப் பேரரசர் அனுப்பிய வெள்ளை யானை வருகிறது. பின்புறம் சற்றே இடிந்த கோயில் ஒன்று வருகிறது. உள்ளே இருக்கும் திருவுருவங்களின் கண்கள் அசைகின்றன. கனவிலேயே கோயிலைப் பழுது பார்க்கும்படி ஆணையிடுகிறார். 1957இல் மஹ்மூத் ஹுசைன் என்னும் பேராசிரியர் இவ்வேட்டை ஆங்கிலத்திற் பெயர்த்தார். மூல ஏடு இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. எந்த ஊர் அரண்மனையிற் பதுக்கி வைத்தாரோ அந்த ஊரில் அது இல்லை.

வென்றவர்களும் கடிதம் எழுதினார்கள். நகரப் பொறுப்பை ஏற்ற ஆர்தர் வெல்லெஸ்லி மே 8ஆம் நாள், கவர்னர் ஜெனரலாயிருந்த தம் அண்ணனுக்கு எழுதினார். மே 4 இரவில் தம் படையினர் கொள்ளையிடாத வீடு நகரில் அரிது என்றும், தூக்கிலிட்டும் கசையடி கொடுத்தும்தான் ஒழுங்கை நிலைநாட்ட நேர்ந்தது என்றும் அதில் ஒப்புக்கொள்கிறார். வெற்றி விழாப் பாடல்களிலும் ஓவியங்களிலும் இச்செய்தியைத் தேடிப் பயனில்லை. அண்ணனுக்குத் தம்பி எழுதிய கடிதத்தில்தான் கிடைக்கிறது.

மறு ஆண்டு, 1800இல், புக்கானன் என்னும் மருத்துவர் சென்னையிலிருந்து புறப்பட்டு இந்நாடெங்கும் சுற்றி நாள்தோறும் குறிப்பெழுதினார். கோட்டைக்குள் 4,163 வீடுகளும் கஞ்சம் புறநகரில் 2,216 வீடுகளும் என எழுதி, தீவில் 31,895 பேர் வாழ்ந்ததாகக் கணக்கிட்டார். கடைசி எண் வரை துல்லியமாக இருக்கிறதே என்று மயங்க வேண்டா. அன்பர்கள் கூட்டிப் பெருக்கிப் பார்க்கலாம்: இரண்டையும் கூட்டி வீட்டுக்கு ஐந்து பேர் என்று பெருக்கியிருக்கிறார், அவ்வளவே. ஒருவர் தலையையும் அவர் எண்ணவில்லை.

அந்த ஆறாயிரத்துச் சொச்சம் வீடுகளில் ஒரு வீட்டிலிருந்தேனும் ஒரு கடிதம் நமக்குக் கிடைத்திருந்தால்! மே 4 இரவு கதவை உடைத்தபோது உள்ளே இருந்த பெண் என்ன நினைத்தாள், சுவார்ட்ஸ் கண்ட திருச்சிராப்பள்ளித் தமிழர் பின்னர் என்ன ஆயினர் என்பவற்றை மேற்சொன்ன ஏடுகளில் ஒன்றும் கூறவில்லை.

இவ்வளவையும் ஊரார் கடிதங்களைப் பற்றியே எழுதிவிட்டு நிறுத்தலாம். ஆனால் சிறுமியின் கேள்வியோடு வீடு திரும்பிய அன்று இரவு நான் திறந்து பார்த்தது என் வீட்டுத் தகரப் பெட்டியை. என் தந்தையார் 1958இல் கும்பகோணத்திலிருந்து தனியாக மைசூர் வந்தார். இங்கிருந்து தம் அன்னைக்கு எழுதிய கடிதங்களைப் பாட்டியார் ஒன்று விடாமற் சேர்த்து வைத்திருந்தார். பாட்டியார் காலமானபின் அவருடைய பொருள்களோடு அக்கட்டும் எங்கள் வீடு வந்து சேர்ந்தது. அதன் அடியில் தந்தையாரின் வரவு செலவுக் குறிப்பேடும் கிடந்தது.

வந்த மூன்றாம் வாரக் கடிதத்தில், தங்கிய அறை காற்றோட்டமாக இருக்கிறது, சாப்பாடு நம் ஊரைப் போலவே இருக்கிறது, உடம்பு முன்னைவிடத் தேறியிருக்கிறது, கவலைப்பட வேண்டா என்று எழுதியிருக்கிறார். அதே வாரத்துக் குறிப்பேட்டில், அறை நண்பரிடம் கடன் ஐந்து ரூபாய் என்று ஒரு வரி. சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்கு ஒரு வேளைக்கு மட்டுமே இருக்கிறது. வியாழனன்று அதுவும் இல்லை. காய்ச்சல் மாத்திரை என்று இருக்கிறது.

குறிப்பேடு கிடைத்திராவிட்டால், மைசூரில் தந்தையார் முதல் மாதத்திலேயே செழித்தார் என்று நான் என் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். கடிதம் கிடைத்திராவிட்டால், பட்டினி கிடந்தார் என்பது தெரிந்திருக்கும். பட்டினியோடு அமர்ந்து தம் அன்னைக்கு என்ன எழுதினார் என்பது தெரிந்திராது. பொய் எழுதிய அக்கடிதத்தை இப்போது நான் முன்னிலும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நம் காலனியில் இத்தகைய பெட்டிகள் எத்தனை வீடுகளில் இருந்தன! வீடு மாற்றும்போதும், சுண்ணாம்பு அடிக்கும்போதும், பெரியவர் மறைந்த பதின்மூன்றாம் நாள் கழித்தும் பழைய காகிதக்காரரின் தராசில் அவை ஏறிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை தடுக்கவும் முயன்றேன். "இதில் என்ன இருக்கிறது மாமா, நலம், நலமறிய அவா, அவ்வளவுதானே!" என்றார் அவ்வீட்டு இளைஞர். நலம் என்று எழுதியவர் நலமாக இருந்தாரா என்பதைச் சொல்லக்கூடிய கணக்கு நோட்டும் அதே கட்டில் இருந்தது. எடை மூன்று கிலோ.

என் பெட்டிக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படியெடுத்து வருகிறேன். அந்தச் சிறுமி ஞாயிறுதோறும் வந்து, நான் எழுதியதை மூலத்தோடு வைத்து உரக்கப் படித்து ஒத்துப் பார்க்கிறாள். ஹைதரின் இரண்டாம் எழுத்தன் போல. இரண்டு பிழை கண்டுபிடித்திருக்கிறாள். பாட்டியார் தந்தையாருக்கு எழுதிய பதில்கள் ஒன்றேனும் கிடைக்கவில்லை. தந்தையார் அவற்றைச் சேர்த்து வைக்கவில்லை போலும். 1959 தை மாதக் கடிதமொன்றில் மட்டும், "நீங்கள் கேட்டதற்கு" என்று ஒரு வரி தொடங்குகிறது. காகிதம் அந்த மடிப்பில் நைந்து கிழிந்திருக்கிறது. பாட்டியார் என்ன கேட்டார் என்று சிறுமி வாரந்தோறும் என்னைக் கேட்கிறாள்.